புது பேட்டரி போட்டும் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? வோல்டேஜ் கோளாறை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

காலை 8 மணி. பிள்ளைகள் ஸ்கூல் பையோடு பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போட்டால் வண்டியைப் பார்க்காமலே பதில் வந்துவிடும்: "பேட்டரி போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்."

சில ஆயிரம் ரூபாய் செலவழித்து புது பேட்டரியும் போட்டாச்சு. மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே டிக் டிக். இந்த முறை இரவு 11 மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத பைபாஸ் ரோட்டில்!

இது நிறைய பேருக்கு நடந்திருக்கும். பேட்டரி இறங்கிப் போனால் பேட்டரி மேல் மட்டும்தான் தப்பு என்று சொல்லிவிட முடியாது. பேட்டரியே தேய்ந்து போயிருக்கலாம். டைனமோ என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் ஏற்றாமல் இருக்கலாம். வண்டி நிற்கும்போது எங்கோ கரண்ட் கசியலாம். அல்லது எல்லாமே நன்றாக இருந்து, ஒரு எர்த் ஒயர் மட்டும் லூஸாக இருக்கலாம். இந்த நான்கில் எது என்று பிரித்துப் பார்க்க, எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும்.

மீட்டரை எப்படி வைப்பது?

மீட்டரின் திருகை டிசி வோல்டேஜில், 20 என்ற இடத்தில் வைக்க வேண்டும். கருப்பு ஒயர் 'காம்' என்று எழுதிய ஓட்டையில், சிவப்பு ஒயர் வோல்ட் குறி போட்ட ஓட்டையில். சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கருப்பு முனையை மைனஸிலும் தொட்டால் எண் வந்துவிடும். மாற்றித் தொட்டுவிட்டால் பயப்பட வேண்டாம், எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வரும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு தப்பு மட்டும் செய்யக்கூடாது. சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில் இருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொடக்கூடாது. அது பேட்டரியை நேரடியாக ஷார்ட் செய்வதற்குச் சமம். மீட்டரின் ஃபியூஸ் போகும், தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகும் என்பதால் பக்கத்தில் தீப்பொறியே ஆகாது. கையில் மோதிரம், இரும்பு வாட்ச் இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நிற்கும் வண்டியில் எவ்வளவு காட்ட வேண்டும்?

12 வோல்ட் பேட்டரி என்று பெயர். ஆனால் மீட்டரில் சரியாக 12 காட்டினால், அந்த பேட்டரி கிட்டத்தட்ட காலி! உள்ளே ஆறு செல்கள் இருக்கின்றன, முழு சார்ஜில் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும். அதனால் முழுசாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 முதல் 12.7 வரை காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12 என்றால் கால்வாசிதான் மிச்சம். 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறதா? ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். அந்த பேட்டரியைக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. இப்போதுதான் வண்டியை ஓட்டி நிறுத்தியிருந்தால் பேட்டரி 13-க்குப் பக்கத்தில் கூட காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், நம்பக்கூடாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் முதல் வேலையாக அளந்தால் உண்மை தெரியும். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதவர்கள் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்று பொறுத்து அளக்கலாம்.

12.6 காட்டுது, ஆனா ஸ்டார்ட் ஆகலையே?

இந்த இடத்தில்தான் பலரும் குழம்பிப் போகிறார்கள். மீட்டரில் 12.6 வந்தால் பேட்டரி நல்லா இருக்கு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. சும்மா இருக்கும்போது வோல்டேஜ் காட்டுவது எளிது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும் அந்த இரண்டு மூன்று வினாடியில் தாக்குப்பிடிக்கிறதா என்பதுதான் பரீட்சை.

மீட்டரை பேட்டரி மேலேயே பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மீட்டரின் ஒயர் ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் எண் 10-க்குப் பக்கத்தில் நின்றால் பிரச்னை இல்லை. 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். அதற்கு முன் பேட்டரி முழு சார்ஜில் இருந்ததா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பாதி சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரியும் இந்தப் பரீட்சையில் தோற்றுப்போகும்! கடைக்காரர் அவசர அவசரமாக சோதனை போட்டு "வீக்கா இருக்கு" என்று சொல்லும் பல பேட்டரிகள், ஒரு ராத்திரி சார்ஜ் போட்டால் பிழைத்துக்கொள்ளும்.

பேட்டரி கடைகளில் சின்ன பெட்டி மாதிரி ஒரு டெஸ்டர் வைத்திருப்பார்கள். அதில் சிசிஏ என்று ஒரு எண் வரும். குளிரில் பேட்டரி எவ்வளவு ஆம்பியர் தள்ளும் என்பதற்கான அளவு அது. பேட்டரியின் லேபிளில் போட்டிருக்கும் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். டெஸ்டரின் ஸ்க்ரீனை நம்மிடம் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

வெள்ளைப் பொடியும் எர்த் ஒயரும்

என் கேட்டால், பேட்டரி மாற்றுவதற்கு முன் எல்லோரும் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான். ஆனால் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

பேட்டரியின் ஈயக் குமிழ் வேறு, அதைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வேறு. இரண்டுக்கும் நடுவே வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கரண்ட் தாராளமாகப் போகாது. ஹாரன், லைட்டுக்கு அது போதும். செல்ஃப் மோட்டாருக்குப் போதாது. கண்டுபிடிக்க ஒரு வழி: ஸ்டார்ட் அடிக்கும்போது ஒரு முறை மீட்டரை ஈயக் குமிழ்களில் வைத்துப் பாருங்கள், அடுத்த முறை கிளாம்புகளில் வைத்துப் பாருங்கள். குமிழில் 11, கிளாம்பில் 8 என்று வந்தால் கோளாறு அந்த இடைவெளியில் இருக்கிறது. பேட்டரியில் இல்லை.

சுத்தம் செய்ய சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். மூடி இருக்கும் பேட்டரியாக இருந்தால் அந்தத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். மைனஸைக் கழற்றிவிட்டால், பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. காய்ந்த பிறகு கிளாம்பை இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிடலாம்.

அடுத்தது எர்த். பேட்டரி மைனஸிலிருந்து ஒரு தடித்த ஒயர் பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால், இந்த ஒயர் இல்லாமல் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் திரும்பி வர முடியாது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் குமிழிலும் இன்னொரு முனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். நல்ல ஒயராக இருந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. 1 வோல்ட் காட்டுகிறது என்றால், பேட்டரி தரும் வோல்டேஜில் அவ்வளவும் துருப்பிடித்த அந்த ஒயரிலேயே வீணாகிறது. இதே மாதிரி பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை அளந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடற்கரை ஓரம் வண்டி நிறுத்துபவர்களும், மழைத் தண்ணீரில் ஓட்டியவர்களும் இந்த எர்த் போல்ட்டை அவசியம் பார்க்க வேண்டும்.

டைனமோ சார்ஜ் ஏத்துதா?

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் நல்லது. ஏசி, ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தாலும் 13.5-க்குக் கீழே போகக்கூடாது.

எஞ்சின் ஓடும்போதும் 12.3, 12.2 என்று மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம் (காலையில் 'கீச்' என்று கத்தினால் முதல் சந்தேகம் அதுதான்), ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது அங்கிருந்து பேட்டரிக்கு வரும் ஒயரிலேயே கோளாறு இருக்கலாம். மாறாக, 15 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆகும், பேட்டரி உப்பும், அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், அருகில் குனிந்து பார்க்கவும் வேண்டாம்.

இதிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை எஞ்சின் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்துகிறது. எரிபொருளை மிச்சப்படுத்த, பேட்டரி நிறைந்திருந்தால் சார்ஜிங்கை வேண்டுமென்றே 12.8 அளவுக்குக் குறைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது திடீரென்று ஏற்றும். அதைப் பார்த்து "டைனமோ போச்சு" என்று கழற்றிவிடக்கூடாது. ஹெட்லைட்டைப் போட்டு, சில நிமிடம் காத்திருந்து எண் மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மீட்டரை ஏசி வோல்டேஜுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது அதே பேட்டரியில் வைத்தால் இன்னொரு ரகசியமும் வெளிவரும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் டயோடு கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். கெட்ட டயோடு பகலில் சார்ஜைக் குறைப்பதோடு விடாது. சில நேரம் ராத்திரியில் பேட்டரியையும் காலி செய்யும்.

ஓடும் வண்டியில் டெர்மினலை கழற்றாதீங்க!

பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள். வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ ஓகே, நின்றுவிட்டால் டைனமோ அவுட். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத வண்டிக்கு அது சரி. இன்றைய காரில் இதைச் செய்யவே கூடாது. ஆல்டர்னேட்டர் தள்ளும் கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாமல் போனதும் வோல்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும். எஞ்சின் கம்ப்யூட்டர், ஏபிஎஸ் யூனிட், மியூசிக் சிஸ்டம் எது வேண்டுமானாலும் போகலாம். பேட்டரி விலையைவிட எஞ்சின் கம்ப்யூட்டரின் விலை பல மடங்கு. யாராவது ஸ்பேனரோடு வந்தால், "அண்ணே, மீட்டர் வச்சு பாருங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

ஓடும்போது டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி படம் எரிந்தால்?

பேட்டரி படம் எரிவதால் பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைக்கிறோம். அந்த விளக்கு சொல்வது வேறு: சார்ஜிங் நின்றுவிட்டது, இப்போது வண்டி பேட்டரியில் மிச்சம் இருப்பதை வைத்து ஓடுகிறது. அரை மணி நேரமும் ஓடலாம், பத்து நிமிடத்திலும் நிற்கலாம். ராத்திரியில் ஹெட்லைட்டோடு போனால் நேரம் இன்னும் குறையும். வோல்டேஜ் இறங்க இறங்க லைட் மங்கும், பவர் ஸ்டீயரிங் கனமாகும், ஏபிஎஸ் விளக்கு எரியும், கடைசியில் எஞ்சினே நின்றுவிடும். ஹைவேயில் வேகமாகப் போகும்போது அது உயிருக்கே ஆபத்து.

ஏசி, மியூசிக், போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடம் வரை போய் நிறுத்துங்கள். நடுவில் எஞ்சினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஆனால் டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் உடனே ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். பல வண்டிகளில் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்திருந்தால் எஞ்சினும் சேர்ந்து போய்விடும்.

ராத்திரியில் பேட்டரியைக் குடிப்பது யார்?

பேட்டரி ஓகே, சார்ஜிங் ஓகே, ஆனாலும் ரெண்டு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகவில்லை. அப்படியென்றால் கசிவு.

எந்தக் காரும் பூட்டி நிற்கும்போது கொஞ்சம் கரண்ட் எடுக்கத்தான் செய்யும். கடிகாரம், அலாரம், ரிமோட் ரிசீவர் எல்லாம் சேர்ந்து பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால்தான் பிரச்னை. 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி உள்ள சின்னக் காரில், பார்க்கிங் மோடில் விட்ட டேஷ்கேம் 300 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி இரவு 8 மணிக்கு நிறுத்தி திங்கள் காலை 8 மணிக்கு எடுத்தால் 60 மணி நேரம். 18 ஆம்பியர் ஹவர் போயிருக்கும், அதாவது பேட்டரியில் பாதி. ஏற்கெனவே வயசான பேட்டரி என்றால் திங்கள்கிழமை ஆபீஸுக்கு ஆட்டோதான்.

அளப்பதற்கு பேட்டரியின் மைனஸ் கிளாம்பைக் கழற்றி, குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் மாட்ட வேண்டும். இந்த நிலையில் ஸ்டார்ட் அடித்தால் மீட்டர் காலி. மாட்டியவுடன் வரும் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவுகளைப் பூட்டி, ரிமோட் சாவியைத் தூரமாக வைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் 100, 200 என்று நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தால் எண் சட்டென்று விழுகிறதோ, திருடன் அந்த லைனில் இருக்கிறான்.

வெளியே போட்ட ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப்ளிஃபயர், சாவி நிலையைப் பார்க்காமல் நேரடியாக பேட்டரியில் இழுத்த கனெக்‌ஷன்... பெரும்பாலும் மாட்டுவது இவைதான். டிக்கி லைட் அணையாமல் எரிவதும் உண்டு. போனில் வீடியோ ஆன் செய்து உள்ளே வைத்து டிக்கியை மூடினால் சாட்சியோடு பிடித்துவிடலாம்!

ஸ்கேனர் சொல்வதை அப்படியே நம்பலாமா?

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டினால் பி0562 என்று வந்தால் சிஸ்டம் வோல்டேஜ் குறைவு, பி0563 என்றால் அதிகம். இவை வந்தால் மேலே சொன்ன சோதனைகளைச் செய்ய வேண்டும் என்பதற்கான குறிப்பு, அவ்வளவுதான். எந்தப் பாகம் கெட்டது என்று அந்தக் கோடு சொல்லாது. வோல்டேஜ் தாழ்ந்தால் ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் என்று ஏழெட்டு கோடுகள் ஒன்றாக வரும். அதைப் பார்த்து சென்சார், மாட்யூல் என்று பெரிய எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தால் அவசரப்பட வேண்டாம். முதலில் பேட்டரியையும் எர்த்தையும் சரி செய்து, கோடுகளை அழித்துவிட்டு, மறுபடி எது வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பைக், ஸ்கூட்டருக்கும் இதே கணக்குதானா?

பேட்டரி அளவுகள் அதேதான். சார்ஜ் ஏற்றுவது மட்டும் ஸ்டேட்டர் காயிலும் ரெக்டிஃபயர் யூனிட்டும். 2017 ஏப்ரல் முதல் புது டூவீலர்களில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. அதனால் பக்கத்துக் கடைக்குப் போய் வரும் சின்னச் சின்ன ஓட்டத்தில் பேட்டரி நிறைய வாய்ப்பு குறைவு. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கே கரண்ட் தேவை. பேட்டரி சுத்தமாகக் காலியானால் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். எலெக்ட்ரிக் கார்களிலும் இந்த 12 வோல்ட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தாலும், சின்ன பேட்டரி படுத்துவிட்டால் வண்டி உயிர் பெறாது.

பக்கத்து வண்டியில் இருந்து ஜம்ப் கொடுக்கும்போது

இரண்டு வண்டியும் 12 வோல்ட்தானா என்று பாருங்கள். லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். சிவப்பு கேபிளை முதலில் காலியான பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்ட வேண்டும். கருப்பு கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையை காலியான பேட்டரியில் மாட்டாமல் அந்த வண்டியின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். கடைசி முனையில்தான் பொறி பறக்கும், அது ஹைட்ரஜன் பக்கத்தில் பறக்கக்கூடாது. கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை.

ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டால் போதும் என்பது தப்புக் கணக்கு. ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் முழு சக்தியோடு வேலை செய்யாது. சுத்தமாக இறங்கிய பேட்டரியைக் கடையில் கொடுத்து ராத்திரி முழுக்க மெதுவாக சார்ஜ் போட்டு வாங்குவதுதான் ஆல்டர்னேட்டருக்கும் நல்லது.

எல்லாம் பார்த்தும் பேட்டரிதான் குற்றவாளி என்றால் மாற்றிவிடுங்கள். நம்ம ஊர் வெயிலில் பேட்டரிக்குள் தேய்மானம் வேகமாக நடக்கும் என்பதால், நிழலில் நிற்கும் வண்டியைவிட வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஆயுசு குறைவுதான். வாரன்டி கார்டில் தேதியும் கடை சீலும் இருக்கிறதா என்று கையோடு பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். உள்ளே ஈயமும் ஆசிடும் இருப்பதால் அதை வீட்டில் போட்டு வைக்கவோ குப்பையில் போடவோ வேண்டாம். புது பேட்டரி மாட்டியதும் கடையிலேயே எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். 14 பக்கத்தில் வராவிட்டால், பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.